அண்ணி போட்ட ‘தான்’

என் மனைவியோடு கடைத்தெருவில் நடப்பது பெரிய தொல்லை. வாங்க வந்த பொருளை மறந்துவிட்டு அண்ணாந்து பார்த்தபடியே நடப்பாள். எதிரில் வருகிறவர்கள் மேலெல்லாம் இடித்துக்கொள்வாள். மேலே என்ன என்று கேட்டால், பெயர்ப்பலகை. ஒரு கண் மருத்துவமனையின் பலகையில் எழுத்து அவ்வளவு பொடி. நல்ல கண் உள்ளவன் மட்டும்தான் அதைப் படித்து உள்ளே போக முடியும். அந்தப் பக்கம் போனாலே அவளுக்குக் கை பரபரக்கும். வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் நிறுவனம் ஒன்று லாரி மேல் ஆமைப் படம் போட்டிருக்கிறது. முதுகிலேயே வீட்டைச் சுமக்கிறதாம். “அது சரிங்க, எப்ப போய்ச் சேரும்?” என்று என்னைப் பிடித்து உலுக்குவாள். ஆமையைப் போட்டது நானா?

வீட்டிலும் இதே கதைதான். கால் ஒரு இடத்தில் தரிக்காது. டிவி பார்க்கும்போதும் பாதம் ஆடிக்கொண்டே இருக்கும். விளம்பரம் வந்தால் எழுந்து நின்றுவிடுவாள். விடுமுறை நாளில் சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கி, ஒட்டியிருந்த சீட்டுகளைக் கிழித்து, வேறு எழுத்தில் எழுதி ஒட்டுவாள். உப்பு எது, சர்க்கரை எது என்று தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் நாக்கு தேவையில்லை. மூன்று அடி தள்ளி நின்றே படிக்கலாம்.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, பை, பெட்டி, வண்டி ஸ்டிக்கர் எல்லாம் செய்து தரும் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. முன்பக்கம் அவளுடைய மேசை, வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி, படம் காட்ட ஒரு பெரிய திரை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அச்சு இயந்திரம். வருகிற முதலாளிகளில் பாதிப் பேர் பெயர், படம், நிறம் எல்லாம் முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். மச்சான் வரைந்தது, மகள் போனில் செய்தது என்று ஏதாவது ஒன்றை நீட்டி, “அப்படியே அடிச்சுக் குடுங்க” என்பார்கள். அப்படியே அடித்துக் கொடுத்தால் கடை படுத்துவிடும். அதை அவர்கள் மனம் கோணாமல் எடுத்துச் சொல்லி, மாற்ற வைத்து, போகும்போது அந்த யோசனை தன்னுடையதுதான் என்று அவர்களே நினைத்துக்கொண்டு போகும்படி செய்ய வேண்டும். இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதே எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது.

என் பிழைப்பு லிஃப்ட் பழுது பார்ப்பது. கயிறு தேய்ந்திருந்தால் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். “கயிறு அருமையா இருக்கு சார், இருந்தாலும் கொஞ்சம் யோசிக்கலாமோ” என்று நான் இழுத்துக்கொண்டிருந்தால், அதற்குள் ஆள் கீழே போய்ச் சேர்ந்திருப்பான்.

அவளுக்கு இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்றால், முன்னால் பார்த்த வேலையிலிருந்து. தண்ணீர் வரவில்லை என்று போன் செய்கிறவர்களின் திட்டை வாங்கிக்கொள்ளும் வேலை அது. காலையில் உட்கார்ந்தால் மாலை வரை காதில் வசவு. குரலை உயர்த்தாமல், பொய்யும் சொல்லாமல், போனை வைக்கும்போது அவர்கள் “சரிம்மா” என்று சொல்லும்படி செய்யப் பழகிவிட்டாள். தண்ணீர் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒருநாள் இப்போதைய ஆபீஸ் இருக்கும் கட்டிடத்தின் லிஃப்டைப் பார்க்கப் போனபோது அவள் வேலை செய்வதை நேரிலேயே பார்த்தேன். சாப்பாட்டுக் கடை முதலாளி ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். பலகை முழுக்கத் தன் முகம் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. கொண்டுவந்த போட்டோவில் வயிற்று வலியோடு எடுத்தது போல முகத்தைச் சுளித்திருந்தார். அந்தக் கடையில் சாப்பிட்டால் நமக்கும் அப்படித்தான் ஆகும் என்று யாருக்குமே தோன்றும். நானாக இருந்தால் அதைச் சொல்லியிருப்பேன், அவரும் எழுந்து போயிருப்பார்.

“நல்லாத்தான் இருக்கு ஐயா,” என்றாள் என் மனைவி. “ஆனா உங்க முகத்தை வெயில்லயும் மழையிலயும் வைக்கணுமா? ஒரு வருஷத்துல வெளுத்துடும். வெளிய நல்ல ஆவி பறக்கிற சாப்பாட்டைப் போடுவோம். உங்களை உள்ள கல்லாவுக்கு மேல, பெருசா ஃபிரேம் போட்டு வைப்போம். சாப்பிட்டுட்டு, வயிறு நெறஞ்சு காசு குடுக்கும்போதுதானே இவ்வளவு நல்லா சமைச்சது யாருன்னு பார்க்கத் தோணும்?”

அவர் போட்டோவை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அதைத்தான்மா நானும் நெனச்சேன்,” என்றார்.

அவளுடைய சூட்சுமம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. ஒன்று உண்மையாகவே நன்றாக இருந்தால் ‘நல்லா இருக்கு’ என்பாள். தேறாது என்றால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்பாள். ‘தான்’ வந்துவிட்டால் பின்னாலேயே ஒரு ‘ஆனா’ வரும் என்று அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இயந்திரம் ஓட்டுகிறவருக்கு எப்போதும் விரலெல்லாம் மை, அதனால் அவர் பெயரே மசி. அந்தத் ‘தான்’ காதில் விழுந்ததும் மசி, மாட்டிக்கொண்டிருக்கும் சுருளை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பழகின முதலாளிகளும் அப்படித்தான். “தான் போட்டுட்டீங்களா? சரி, எங்க தப்புன்னு சொல்லுங்க” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

சொந்த மனிதர்களிடம் மட்டும் அவள் இந்தக் கடையைத் திறப்பதில்லை. காரணம் இருக்கிறது. பள்ளியிலிருந்து கூடவே படித்த சிநேகிதி ஒருத்தி அழகு நிலையம் தொடங்கியபோது, நெருக்கமானவள்தானே என்று என் மனைவி ஒளிவு மறைவில்லாமல் இரண்டு குறை சொன்னாள். அதோடு சரி. அந்தச் சிநேகிதி இன்று வழியில் பார்த்தாலும் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். என் மனைவிக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. இருந்த ஒருத்தியும் அப்படிப் போய்விட்டதில் பல நாள் அழுதாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு மனம் விட்டுப் பேச இருந்த ஒரே ஆள் என் தங்கை. நர்ஸ். கல்யாணமாகி என் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், எது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதிலிருந்து எனக்கு எப்போது கோபம் வரும் என்பது வரை எல்லாம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். நாத்தனாரும் அண்ணியும் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்வதைப் பார்த்தால், நான்தான் அந்த வீட்டுக்கு வாழ வந்தவன் போலிருக்கும்.

அந்தத் தங்கை ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் ஒன்று தொடங்கப் போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து நின்றாள். கூடவே மாப்பிள்ளையும் வந்திருந்தார். வேலையை விட்டாகிவிட்டது, திரும்பப் போனால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், இது ஓடியாக வேண்டும் என்றாள். பேச்சு இப்படி இருந்தாலும் கண்ணில் அவ்வளவு சந்தோஷம்.

“பேரு வெச்சுட்டேன் அண்ணி,” என்று போனை எடுத்தாள். “ஆஸ்பத்திரியில ஒரு பெரியவரைப் பார்த்துக்கிட்டேன் இல்ல, அவரோட மக என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, ‘இறுதி வரைக்கும் கூடவே இருந்தீங்க’ன்னு சொல்லி அழுதா. இத்தனை வருஷ வேலைல எனக்குக் கிடைச்ச பெரிய பாராட்டு அதுதான். அப்பவே முடிவு பண்ணிட்டேன்.”

போனை நீட்டினாள். கறுப்புப் பின்னணி. நடுவில் ஒற்றை மெழுகுவத்தி. மேலே ‘இறுதி வரை’ என்று பெரிதாக. கீழே சின்னதாக, ‘உங்கள் வீட்டிலேயே’.

நான் படித்தேன். மறுபடியும் படித்தேன். வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். “எனக்கு என்னமோ நல்லா இல்லைன்னு தோணுது மச்சான்.”

“இவருக்கு நல்லா இல்லையாம். மூணு நாளா இதையே சொல்றாரு,” என்றாள் தங்கை. “நீங்க சொல்லுங்க அண்ணி, இதுதானே உங்க தொழில்? நல்லா இருக்கா, இல்லையா?”

என் மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். மேசைக்கு அடியில் அவள் கால்விரல்கள் மடங்கியதை நான் பார்த்தேன்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள்.

ஆபீஸ் என்றால் மசி இந்நேரம் டீக்கடையில் இருப்பார். ஆனால் இங்கே ஒருவர் ‘நல்லா இல்லை’ என்று சொல்லி வாயை மூடவில்லை, அதற்குள் இது வந்து விழுகிறது. அந்த இடத்தில் அந்தத் ‘தான்’ என்ன பொருள் தரும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். அவர் சொல்வது தப்பு, சந்தேகமே வேண்டாம், நன்றாகவே இருக்கிறது என்றுதானே? தங்கைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பார்த்தீங்களா? அண்ணியே சொல்லிட்டாங்க. இனிமே வாயைத் திறக்கக் கூடாது,” என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அண்ணியைக் கட்டிக்கொண்டாள். “ஆனா…” என்று என் மனைவி அவள் தோளுக்குப் பின்னாலிருந்து தொடங்கினாள். அது யாருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. என் மனைவி அந்த ‘ஆனா’வை மென்று விழுங்கிவிட்டாள்.

சரி, அச்சடிக்கக் கொடுக்கும்போது தன் ஆபீசுக்குத்தானே வருவார்கள், அங்கே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தங்கை அங்கே வரவில்லை. சொந்தம் என்று விலையைக் குறைக்கச் சொல்லி அண்ணி முதலாளியிடம் சங்கடப்படக் கூடாதாம். அவ்வளவு நல்ல மனது. வேறு எங்கோ கொடுத்து, பலகை, கார்டு, ஸ்கூட்டருக்கு ஸ்டிக்கர், போட்டுக்கொள்ளும் கோட்டு என்று எல்லாவற்றிலும் ‘இறுதி வரை’ அடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

திறப்பு நாளன்று என் மனைவி பலகைக்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்தப் போட்டோவை இப்போது பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தங்கையின் அலுவலகம் சின்ன அறை. ஒரு மேசை, மடக்கி வைத்த சக்கர நாற்காலி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். வேலைக்குச் சேர்த்த இரண்டு பெண்களும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன் மட்டும் வராது. தெருவில் போகிறவர்கள் பலகையைப் பார்த்ததும் எட்டி நடந்து போவதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

அப்புறம் ஒருநாள் போன் வந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தங்கை என் மனைவியைக் கூப்பிட்டாள். “ஒருத்தர் பெட்டி என்ன அளவுல இருக்குன்னு கேட்டாரு அண்ணி. முதலுதவிப் பெட்டியைக் கேக்கிறாருன்னு நெனச்சு, சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு அளவு இருக்குன்னு சொன்னேன். ஆள் நல்ல உயரம், பெருசே குடுத்துடுங்கன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல.”

நான் சிரித்து உருண்டுவிட்டேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு அப்படியே தொண்டையில் நின்றுவிட்டது. “உங்க தங்கச்சி அங்க தெருவுக்கு வந்துக்கிட்டு இருக்கா. நீங்க சிரிக்கிறீங்க,” என்றாள்.

“அப்ப சொல்லித் தொலையேன். பேரே சரியில்லைன்னு நேரா சொல்லு.”

“நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். போன் போட்டு, பேரை மாற்று என்று ஒரே வரியில் சொன்னேன். “அண்ணியே நல்லாத்தான் இருக்குன்னு சொல்லியாச்சு. உனக்கு லிஃப்டைத் தவிர என்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டு, போனை என் மனைவியின் மடியில் போட்டேன்.

அவள் தன் வழியில் தொடங்கினாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றும் வேலை. ஒருநாள் தங்கையின் அலுவலகத்துக்குப் போய், “மெழுகுவத்தி கொஞ்சம் சோகமா தெரியுதோ?” என்று கேட்டுவிட்டு வந்தாள். தங்கை உடனே மெழுகுவத்தியை எடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாகச் சூரியன் மறைகிற படத்தைப் போட்டாள். என் மனைவி இன்னொரு நாள் போய், “கறுப்பு வேண்டாமே, வெளிச்சமா இருக்கட்டுமே” என்றாள். அடுத்த வாரம் கறுப்பு போய் வெள்ளை வந்தது. சுற்றிலும் வெள்ளைப் பூ. “நீங்க சொல்லச் சொல்ல மெருகேறுது அண்ணி,” என்றாள் தங்கை.

என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவாள், ஜன்னலிலிருந்து வாசலுக்குப் போவாள், பால் பொங்கி வழிந்த வாசனையில் திரும்பி ஓடிவருவாள். ஆபீசிலும் கோளாறு ஆரம்பித்துவிட்டது. பொம்மைக் கடைக்காரர் ஒருவரிடம் ‘நல்லாத்தான் இருக்கு’ என்றவள், ‘ஆனா’ என்று சொல்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். மசி டீ குடித்துவிட்டு வந்து இன்னும் நின்றுகொண்டிருந்தாராம். இதை அவரே எனக்குப் போன் செய்து சொன்னார். “அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?” என்று கேட்டார். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நாத்தனார் இருக்கிறாள் என்றேன்.

இப்படி இருக்கும்போது அந்தச் சாப்பாட்டுக் கடை முதலாளி தன் சமையலறையிலேயே வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைக்காகப் புதிதாகக் கொடுத்திருந்த அச்சு வேலையைத் தள்ளிப்போடச் சொல்ல அவருடைய மகன் ஆபீசுக்கு வந்தபோது, அப்பாவைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான நர்ஸ் கிடைக்குமா என்று கேட்டான். என் மனைவி தங்கையின் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். பையில் கார்டு ஒரு கட்டு இருந்தது. அதை எடுக்கவில்லை. நிறுவனத்தின் பெயர் என்ன என்று அவன் கேட்டதற்கு, “என் நாத்தனார்தான், என் பேரைச் சொன்னாலே போதும்” என்று மழுப்பி அனுப்பிவிட்டாள்.

முதல் நோயாளி. தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்தவர் என்பதால் அண்ணியும் கூட வந்தால் நல்லது என்றாள். இரண்டு பேரையும் நான்தான் காரில் அழைத்துப் போனேன். தங்கை புதிதாக அடித்து வாங்கிய கோட்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் என் மனைவியின் முழங்கால் என் சீட்டை இடித்துக்கொண்டே வந்தது. ஆட்டாதே என்று இரண்டு முறை சொன்னேன், நிறுத்தவில்லை.

கடைக்கு மேலே மாடியில்தான் அவர்கள் வீடு. கீழேயிருந்து தாளிக்கிற வாசனை ஏறி வந்தது. அறையில் இரும்புக் கட்டில், சத்தத்தைக் குறைத்து வைத்த டிவி, மூலையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத வாக்கர். பெரியவர் மல்லாந்து படுத்திருந்தார். என் மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாம்மா. என் படத்தைக் கல்லாவுக்கு மேல மாட்டினாலும் மாட்டின, காசு குடுக்கிறவன் எல்லாம் ‘எங்க அவரு’ன்னு கேக்கிறானாம். படுக்கையில கிடந்தாலும் கடையில நின்னுக்கிட்டு இருக்கேன்.”

“சீக்கிரம் நீங்களே போய் நிப்பீங்க ஐயா,” என்றாள் என் மனைவி.

தங்கை கோட்டை மாட்டிக்கொண்டு, பையைத் திறப்பதற்காகத் திரும்பிக் குனிந்தாள். முதுகு முழுக்கக் கொட்டை எழுத்து. இறுதி வரை. உங்கள் வீட்டிலேயே. சுற்றிலும் வெள்ளைப் பூ.

பெரியவர் அதைப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பது போல உதடு அசைந்தது. சிரிப்பு மெல்ல மெல்ல வற்றிப்போனது. மகனைக் கிட்டே வரச் சொன்னார்.

“டாக்டர் உன்கிட்ட தனியா என்ன சொன்னாரு?”

“நடக்கலாம்னு சொன்னாருப்பா. உங்க முன்னாடிதானே சொன்னாரு?”

“இந்தம்மா முதுகுல வேற மாதிரி எழுதியிருக்கே.”

பெரியவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். “எதுவா இருந்தாலும் சொல்லிடுங்கடா. கடைக்கு ஒரு ஏற்பாடு பண்ணணும்,” என்றார். மகன் எங்களை முறைத்தான்.

தங்கைக்கு முதலில் புரியவில்லை. பிறகு கோட்டைக் கழற்றி, முதுகுப் பக்கத்தை முன்னால் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தன் கையாலேயே தேர்ந்தெடுத்த பெயரை யாரோ எழுதியதைப் போலப் படித்தாள். அறையை விட்டு வெளியே போய், மாடிப்படியின் திருப்பத்தில் நின்றாள். என் மனைவி பின்னாலேயே ஓடினாள். நான் கதவருகில் நின்றுகொண்டேன். எனக்கு உள்ளேயும் இருக்க முடியவில்லை, வெளியேயும் போக முடியவில்லை.

“உங்களுக்கு முதல்லயே தெரியுமா அண்ணி?”

என் மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“நீ காட்டின அன்னைக்கே.”

“ஏன் சொல்லல?”

“சொன்னேன். நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன்.”

தங்கை கையிலிருந்த கோட்டை அவள் முன்னால் நீட்டினாள். “அதுக்குப் பேரு சொல்றதா? எவனோ ஒரு கடைக்காரன் வந்தா எதிர்ல உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்றீங்க. எனக்கு ஒரே ஒரு ‘தான்’. அதையும் நானே கண்டுபிடிச்சுக்கணும். நான் வேலைய விட்டுட்டு வந்திருக்கேன் அண்ணி. ரெண்டு பொண்ணுங்க என்னை நம்பி உக்காந்திருக்கு. நீங்க வந்து வந்து மெழுகுவத்தியைப் பத்திப் பேசிட்டுப் போறீங்க.”

நியாயமான கேள்வி. என் மனைவியைத் திட்டுகிறாளே என்று எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. வந்த கோபம் எல்லாம் அந்த வெள்ளைப் பூவின் மேல்தான்.

“அவங்க கோவிச்சுக்கிட்டுப் போனா அடுத்த கடைக்காரர் வருவாரு,” என்றாள் என் மனைவி. “நீ கோவிச்சுக்கிட்டுப் போனா எனக்கு யாரு வருவா? எனக்கு வேற யாரு இருக்கா? பயந்துட்டேன். அவ்வளவுதான். பேரு நல்லா இல்ல. முதல் நாளே நல்லா இல்ல. படிக்கிறவங்களுக்கு சாவுதான் ஞாபகம் வரும். நீ எவ்வளவு நல்லாப் பார்த்துக்குவேன்னு அதுல ஒரு எழுத்துகூட இல்ல. மெழுகுவத்தி, சூரியன், பூ எல்லாமே தப்பு. எல்லாத்தையும் கழட்டணும்.”

அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு மெழுகு இல்லை, ஒரு பூச்சு இல்லை. சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள்.

தங்கையும் அழுதாள். ஆனால் அவள் அழுதது கொஞ்ச நேரம்தான். ஆஸ்பத்திரிப் பழக்கம் போலிருக்கிறது, புறங்கையால் இரண்டு கன்னத்தையும் துடைத்துக்கொண்டாள். “கோவமாத்தான் இருக்கேன்,” என்றாள். “ரொம்பக் கோவம். வீட்டுக்குப் போய் இன்னும் சண்டை போடுவேன். இப்ப அந்த ஐயாவைப் பார்க்கணும்.” கோட்டைச் சுருட்டிப் படியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

நேராகக் கட்டிலுக்குப் போய், சுவர்ப் பக்கமாக வந்து, அவர் முகம் தெரிகிற இடத்தில் நின்றாள். “ஐயா, அது எங்க நிறுவனத்துக்கு நான் வெச்ச பேரு. புத்தியில்லாம வெச்சுட்டேன். உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.”

“நான் சாகப் போறேனாம்மா?”

“எல்லாரும் ஒருநாள் போகத்தான் போறோம். இந்த இடுப்பால இல்லை. டாக்டர் எழுதினதை நான் முழுக்கப் படிச்சேன். எலும்பை நல்லாச் சேர்த்து வெச்சிருக்காங்க. நாளைக்கு உக்காரணும், அப்புறம் நிக்கணும், அந்த மூலையில இருக்கிற வாக்கரைப் பிடிச்சு நடக்கணும். எல்லாமே வலிக்கும். வலிக்கலைன்னு நான் சொன்னா நம்பாதீங்க.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ‘வலிக்கும்’ அவருக்குப் பிடித்துவிட்டது போலிருந்தது. போர்வையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

“இப்ப உங்களை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கப் போறோம். முதுகு புண்ணாகாம இருக்கணும் இல்ல,” என்றாள் தங்கை. மகன் கொண்டுவந்த தலையணையை வாங்கி அவர் கால்களுக்கு நடுவில் வைத்தாள். ஆள் கனமான ஆள். சுற்றிப் பார்த்தாள். வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற என் மனைவியைக் கூப்பிட்டாள். “அண்ணி, இங்க வாங்க. அந்தப் பக்கம் தோளையும் இடுப்பையும் பிடிங்க. நான் சொல்லும்போது உங்க பக்கமா சாய்க்கணும்.”

என் மனைவி குனிந்து, விரல் நுனியால் அவர் தோளைத் தொட்டாள். பட்டும் படாமலும் இடுப்பில் மற்றொரு கையை வைத்தாள். தங்கை “ம்” என்றதும் மெல்ல இழுத்தாள். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். என் மனைவி சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

“அப்படிப் பிடிக்காதீங்க அண்ணி,” என்றாள் தங்கை. “தயங்கித் தயங்கிப் பிடிச்சாத்தான் அவருக்கு வலி ஜாஸ்தி. பாதியில விட்டா அதைவிட மோசம். உள்ளங்கை முழுசாப் படணும். அழுத்திப் பிடிங்க, ஒண்ணும் ஆகாது.”

என் மனைவி ஒரு முறை அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்து, அழுத்திப் பிடித்தாள். பெரியவர் ஒரே மூச்சில் திரும்பினார். “ஸ்ஸ்” என்றார், பிறகு பெருமூச்சு விட்டார்.

“விட்டுடாதீங்க,” என்றாள் தங்கை, அவர் முதுகுக்கு இன்னொரு தலையணையை அண்டக் கொடுத்துக்கொண்டே.

“விடல,” என்றாள் என் மனைவி.